நடையில் இரண்டு தட்டு

தெற்குத் தெரு,
பூதப்பாண்டி வழி.
19-1-1953

தம்பி பூதலிங்கத்துக்கு மைனி அழகியநாயகி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. அப்படியே எழுதி ஒட்டி அனுப்பினால் உனக்கும் நிம்மதி, எனக்கும் வேலை மிச்சம். ஆனால் எனக்கு மறைக்க வராது என்பது உனக்கே தெரியும்.

பொங்கல் முடிந்ததும் திட்டுவிளைக் கொட்டகைக்கு உன் படம் வந்தது. ஊரே வண்டி கட்டிக்கொண்டு போனது. உன் அண்ணன் கடையைச் சாத்திவிட்டு, வெளுத்த வேட்டி உடுத்திக்கொண்டு, என்னையும் செண்பகத்தையும் கூட்டிக்கொண்டு முன்னாலேயே போய் இடம் பிடித்தார். பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தரையும் விடவில்லை. "எந்தம்பி இப்ப வருவான் பாரும், நல்லா கவனிச்சுப் பாரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆறு வயசுப் பிள்ளைக்கு அந்தப் படம் ஆகுமா என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. சித்தப்பா படம் அல்லவா.

நீ வருவதற்கு முன்னால் கம்பின் சத்தம் வந்தது. டக், டக். அப்புறம் கதவு திறந்தது. அப்புறம் நீ வந்தாய். இடது காலை இழுத்து, அந்தத் தொடையில் கையை ஊன்றி, தோளை ஒரு பக்கம் சாய்த்து, கழுத்தை மட்டும் நேராக வைத்துக்கொண்டு. துண்டைக்கூட உன் அண்ணன் போடுகிற மாதிரி வலது தோளில் போட்டிருந்தாய். பிறகு எங்கிருந்தோ ஒரு பிள்ளை, "ஏ அம்மா, தாணப்பன் மாமால்லா" என்றது. நாலு பேர் சிரித்தார்கள். உன் அண்ணனும் சிரித்தார்.

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. நீதான் சங்கிலி என்கிற அந்த நொண்டி. வீடு வீடாகப் போய் வாசல் நடையில் இரண்டு தட்டு தட்டுகிறாய். மிட்டாயைக் காட்டிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறாய். அதுகள் காலை முறித்துப் பிச்சைக்கு உட்கார வைக்கிறாய். செண்பகம் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். உன் அண்ணன் கம்பை ஊன்றி எழுந்தார். எப்போதும் இடித்துக்கொண்டு வெளியே போகிற கூட்டம் ஒதுங்கி நின்று அவருக்கு வழி விட்டது தம்பி. ஒருத்தி தன் பிள்ளையைச் சேலைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். நம் அடுத்த தெருக்காரி. அவள் பிள்ளை தினமும் நம் கடைக்கு வருகிறது.

அவர் நடையில் தட்டுவது எதற்கென்று உனக்குத் தெரியாதா? கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கு நான் உள்ளறையில் பயந்து உட்கார்ந்திருந்தேன். எப்படிப்பட்ட ஆளோ என்று. நடையில் இரண்டு தட்டு கேட்டது. ஆள் வரவில்லை. நான் "வாங்க" என்று சொல்லும்வரை வெளியிலேயே நின்றார். அந்தத் தட்டில்தான் என் பயம் போனது. அதையா எடுத்துக் கொடுத்தாய்?

அவர் உன்னை ஒன்றும் சொல்லவில்லை. "நல்லாச் செய்திருக்கான்" என்கிறார். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

அழகியநாயகி

*

கோடம்பாக்கம்,
சென்னை.
27-1-1953

மைனி அவர்களுக்கு பூதலிங்கம் வணக்கம்.

கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன், கோபிக்கக் கூடாது. வில்லனைப் பார்த்து ஊர் பயந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நடிகனுக்கு இதைவிட நற்சாட்சி என்ன வேண்டும்? இங்கே என் தலை தெரியும் முன்னே, அந்தத் தட்டுச் சத்தத்துக்கே கொட்டகை அடங்கிப் போகிறது. முதலாளி என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். போன வருஷம்வரை நான் ராஜாவுக்குப் பின்னால் ஈட்டி பிடித்துக்கொண்டு நின்றவன் என்பதை நீங்கள் மறக்கக் கூடாது.

நொண்டி வேஷம் யாருக்கு வரும் என்று டைரக்டர் கேட்டார். ஒவ்வொருத்தனும் கல் குத்தினவன் மாதிரி நொண்டிக் காட்டினான். நான் நடந்தேன். டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அது பாவனை இல்லை மைனி. சின்ன வயசில் அண்ணன் பின்னாலேயே அப்படி நடந்து அம்மாவிடம் அடி வாங்கினவன் நான். எனக்கு மனுஷ நடை என்று முதலில் தெரிந்ததே அந்த நடைதான். பிரியத்தில்தான் எடுத்தேன், கேலிக்கு எடுக்கவில்லை. நடையில் தட்டுவதையும், அழுகிற பிள்ளைக்கு அண்ணன் சும்மா ஒரு மிட்டாய் கொடுப்பதையும் கதை எழுதுகிறவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் அதை இப்படித் திருப்பிக்கொண்டார். அவர் தொழில் அது.

கோயில் கொடைத் திருவிழாவில் ராவணன் வேஷம் கட்டின ஆளை மறுநாள் யாராவது அடித்திருக்கிறார்களா? அவனிடமே போய் வாழைக்குலை விலை பேசுகிறார்கள். ஊருக்கு அந்த விவரம் உண்டு. அடுத்த படம் வந்தால் இதை மறந்துவிடும்.

ஒரு நல்ல செய்தி. இதே கம்பெனியின் அடுத்த படத்திலும் நான்தான். சங்கிலி இந்தப் படத்தில் சாகவில்லை, கவனித்தீர்களா? ஆற்றில்தான் விழுகிறான். சித்திரையில் படப்பிடிப்பு.

செண்பகத்துக்கு ஒரு தலையாட்டிப் பொம்மை அனுப்பியிருக்கிறேன்.

பூதலிங்கம்

*

தெற்குத் தெரு.
6-2-1953

தம்பிக்கு,

பொம்மை வந்தது. தலை உடையாமல் வந்தது. செண்பகம் அதை எடுக்கவில்லை. சித்தப்பா அனுப்பினது என்று நான் சொன்னதுதான் தப்பு.

ராவணனைப் பற்றி எழுதியிருந்தாய். ராவணனுக்குப் பத்துத் தலை. நம் ஊரில் பத்துத் தலைக்காரன் எவனும் கிடையாது. நொண்டி இருக்கிறார்.

முன்னேயும் ஊர் அவரை நொண்டித் தாணப்பன் என்றுதான் சொல்லும். கறுப்பன், நெட்டையன் என்கிற மாதிரி. எனக்குக் கேட்கப் பிடிக்காது, ஆனாலும் அதில் பயம் இருந்ததில்லை. இப்போது பேர் சங்கிலி. பெரியவர்கள் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. பிள்ளைகள் சொல்கின்றன, பெரியவர்கள் அதட்டுவதில்லை. பள்ளிக்கூடம் விட்டால் கடை முன்னால் நிற்க இடம் இருக்காதே, இப்போது பிள்ளைகள் ரோட்டுக்கு அந்தப் பக்கமாக ஓடுகின்றன. சோறு தின்னாத பிள்ளைக்கு "நடையில தட்டட்டா?" என்று சொல்லி ஊட்டுகிறாள் அடுத்த வீட்டுக்காரி. எனக்குக் கேட்கிறது. அவருக்கும் கேட்கிறது.

இப்போது ஒரு விளையாட்டும் வந்திருக்கிறது. ஒரு பிள்ளை கம்பை வைத்துக்கொண்டு இரண்டு தட்டு தட்ட வேண்டும். மற்றப் பிள்ளைகள் ஒளிய வேண்டும். தட்டுகிற பிள்ளைதான் சங்கிலி. தெருவெல்லாம் இதுதான்.

நம் வீட்டுக்குள்ளே நடந்ததைச் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை அவர் கடையிலிருந்து வந்து வழக்கம்போல நடையில் தட்டினார். செண்பகம் உள்ளே சோறு தின்றுகொண்டிருந்தது. தட்டைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் அடுக்களை மூலையில் சுருண்டுகொண்டு அலறியது. "மக்கா, நான்தாம்ட்டி, அப்பா" என்று அவர் பக்கத்தில் போகப் போக, பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டது. சொந்த அப்பாவைப் பார்த்து. அவர் அங்கேயே நின்றார். ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

மறுநாள் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிக் கம்பின் நுனியில் சுற்றிக் கட்டினார். "சத்தம்தானே பயம், சத்தம் வேண்டாம்" என்றார். நடையில் தட்டுவதையும் விட்டுவிட்டார். இருமிக்கொண்டு வருகிறார், அல்லது பேசாமல் வருகிறார்.

அதிலும் வினை. கிணற்றடியில் அடுத்த வீட்டுக்காரியின் மகள் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றாள், ஆறு மாசம். இவர் வருகிற சத்தம் கேட்கவில்லை. திரும்பினவள் இவரைக் கண்டு கத்திக்கொண்டு விழுந்தாள். வயிற்றுக்கு ஒன்றுமில்லை, முழங்கை பெயர்ந்தது. அவள் அம்மா வந்து நம் முற்றத்தில் நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "படத்துல உள்ளவங்கூட தட்டிக்கிட்டுத்தான் வருகான். இவன் சத்தம் இல்லாம வருகானே, எதுக்கு?"

தட்டினாலும் குற்றம், தட்டாவிட்டாலும் குற்றம். அந்த மனுஷன் பின்னே எப்படித்தான் வீட்டுக்கு வருவது?

எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. என்ன பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஊரார் பார்க்கிற பார்வைதான். அடுத்த படத்தில் அந்த நடை வேண்டாம் என்று சொல்லிவிடு.

மைனி

*

கோடம்பாக்கம்.
14-2-1953

மைனி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் திரிந்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் செண்பகம் சுவரோடு ஒட்டி நிற்பதுதான் தெரிகிறது.

ஜனங்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று நானே பார்க்கப் போனேன். சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு கொட்டகை. தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு தரை டிக்கெட்டில் உட்கார்ந்தேன். என் தட்டு வரும்போதெல்லாம் பக்கத்தில் இருந்த பெண்பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

வெளியே வந்தால் வாசலில் ஒரு ஆள் வேர்க்கடலை விற்கிறார். அவருக்கும் கால் சூம்பினது. படம் விட்டு வந்த பையன்கள் "டேய் சங்கிலி" என்று கத்திக்கொண்டு கல்லெறிய ஆரம்பித்தார்கள். முதல் கல் விளையாட்டுக்குத்தான். அப்புறம் பெரியவர்களும் சேர்ந்தார்கள். கடலைத் தட்டு சாய்ந்தது, அவர் கையால் முகத்தை மூடிக்கொண்டு குந்திவிட்டார். நான் விலக்கப் போனேன், முண்டாசு அவிழ்ந்தது. யாரோ என்னை அடையாளம் கண்டுவிட்டான். "இவர்தாண்டா சங்கிலி" என்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். மைனி, அவரைக் கல்லால் அடித்த கையாலேயே என்னைத் தூக்கினார்கள். மேலே இருந்து பார்த்தேன். அவர் தரையில் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் கீழே போட்டுவிடுவார்களோ என்று பயந்தேன்.

நேற்று டைரக்டரிடம் சொல்லிவிட்டேன். நொண்டிக் கால் வேண்டாம், என் வீட்டில் வருத்தப்படுகிறார்கள் என்று. நல்ல மனுஷன், உடனே ஒப்புக்கொண்டார். அடுத்த படத்தில் கால் சரியாகிவிடும். ஆற்றில் விழுந்ததில் ஒரு கண் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். ஒற்றைக்கண். இனி அண்ணனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

கொஞ்ச நாளைக்கு அண்ணனைத் தக்கலையில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விடுங்கள். ஊர் ஆறட்டும்.

பூதலிங்கம்

*

தெற்குத் தெரு.
21-2-1953

தம்பிக்கு,

ஒற்றைக்கண் என்று எழுதியிருக்கிறாய். நீ சந்தோஷப்பட்டு எழுதியிருப்பதைப் பார்த்து எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மேலத்தெரு மீனாட்சியம்மாளை மறந்துவிட்டாயா? பேறு பார்க்கிறவள். உன்னையும் உன் அண்ணனையும் வெளியே எடுத்தவள். அவளுக்கு எந்தக் கண் இல்லை என்று யோசித்துப் பார். உன் அடுத்த படம் திட்டுவிளைக்கு வந்தபிறகு அவளை எந்த வீட்டில் பேறு பார்க்கக் கூப்பிடுவார்கள்? ஒருத்தர் தலையில் இருக்கிற பாம்பை எடுத்து இன்னொருத்தர் தலையில் விடுவதுதான் பரிகாரமா?

தக்கலைக்குப் போகச் சொன்னாய். தக்கலையில் கொட்டகை இல்லையா? அவரும் போக மாட்டேன் என்கிறார். "நான் எதுக்குட்டி ஓடணும்?" என்கிறார். இன்றைக்குக் காலையில் வடசேரிச் சந்தைக்குச் சரக்கு எடுக்கப் போயிருக்கிறார். மதியம் பஸ்ஸில்

வாசலில் ஆள் சத்தம். பார்த்துவிட்டு வருகிறேன்.

தம்பி, மீதியை எப்படி எழுதுவேன் என்று தெரியவில்லை. சுடலையாண்டியின் மகளைக் காணவில்லை. இசக்கி, நம் செண்பகத்தோடு படிக்கிற பிள்ளை. காலையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையாம். தேடாத இடம் இல்லை என்கிறார்கள். அதன் கையில் மிட்டாய் இருந்ததை யாரோ பார்த்தார்களாம். நம் கடை மிட்டாய். கடைக்கு மறுபடியும் வர ஆரம்பித்த ஒரே பிள்ளை என்று பிரியப்பட்டு அவர்தான் பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரத்தில் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். அதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. என் வாயாலேயே சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்குள் புகுந்து பார்த்தார்கள். அரிசிப் பானையைத் தூக்கிப் பார்த்தார்கள். எல்லாரும் தெரிந்த ஆட்கள். என் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறினவர்கள். ஒருத்தன்கூட என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. "எங்க மைனி அவன்?" என்று கேட்டான் சுடலையாண்டி. அவனும் உன் அண்ணனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அண்ணே என்றுதான் கூப்பிடுவான். இன்றைக்கு அவன்.

வடசேரி என்று சொல்லவில்லை. ஆனால் அவர் சந்தைக்குப் போகிற நாள் எது என்று ஊருக்குத் தெரியும். கால்வாய்க்கரை வழியாகத்தான் வருவார் என்றும் தெரியும். கதவைத் தாழ் போட்டிருக்கிறேன். கதவுக்கு வெளியே ஆள் நிறுத்தியிருக்கிறார்கள். செண்பகம் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிறது, அழக்கூட இல்லை. நான் கத்தினால் யாருக்குக் கேட்கும், கேட்கிறவர்கள்தானே வெளியே நிற்கிறார்கள்.

பின்வாசலில் மீனாட்சியம்மாள் வந்து நிற்கிறாள். அவளை யாரும் தடுக்கவில்லை. பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடிப்போய் அவரை இறங்க விடாதே என்று அவளிடம் சொல்லப் போகிறேன். அவளால் ஓட முடியுமா? இதை அவள் மடியில் செருகி விடுகிறேன். நடந்தது யாருக்காவது தெரியட்டும். முதலில் அவர். தபால் அப்புறம்.

*

கோடம்பாக்கம்.
27-2-1953

மைனிக்கு,

உங்கள் கடிதம் முந்தாநாள் கிடைத்தது. உடனே தந்தி அடித்தேன். பதில் இல்லை. இன்றைக்கு மறுபடியும் அடித்தேன். தபால்காரர் வருகிற நேரமெல்லாம் வாசலில் நிற்கிறேன், அவர் கண்ணில் பட்டதும் உள்ளே வந்துவிடுகிறேன். நீங்கள் எழுதியது நடந்து இத்தனை நாளாகிவிட்டது. நடந்தது நடந்து முடிந்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை. பிள்ளை கிடைத்ததா? அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கினாரா?

படத்தில் நடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காலும் இல்லை, கண்ணும் இல்லை, சங்கிலியே வேண்டாம் என்றேன். முதலாளி கோபப்படவில்லை. "சரி, வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார். நீ போனால் ஜனங்கள் பழைய சங்கிலியைத்தான் கேட்பார்கள், அதனால் காலே இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டார்.

அந்த வேறு ஆள் நேற்று சாயங்காலம் என் அறைக்கு வந்தான். சேலத்துப் பையன், மரியாதையான பையன். "அண்ணே, அந்த நடையை எனக்குச் சொல்லித் தரணும்" என்றான். முடியாது என்றேன். பரவாயில்லை, நானாகப் பழகியிருக்கிறேன், சரியா என்று மட்டும் பாருங்கள் என்று கேட்டுவிட்டு அறைக்குள்ளேயே நடந்தான்.

மைனி, அண்ணன் நடந்தார். தோள் சாய்வது, கழுத்து நேராக நிற்பது, எல்லாம். இவன் அண்ணனைக் கண்ணால் கண்டதில்லை. என்னைப் பார்த்துப் படித்திருக்கிறான். இனிமேல் நான் நிறுத்தினாலும் அது நிற்காது. போகும்போது கதவில் இரண்டு தட்டு தட்டிவிட்டுச் சிரித்தான். அது நம் வீட்டுச் சத்தம். அதைக் கேட்டு நானே பயந்தேன்.

ஊருக்கு வரவா? கேட்கவே பயமாக இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கினால் என்னைத் தோளில் தூக்கினாலும் தூக்குவார்கள். அண்ணன் என் முகத்தைப் பார்ப்பாரா? ஒரு வரி எழுதுங்கள். என்ன ஆனாலும் எழுதுங்கள்.

பூதலிங்கம்

*

தெற்குத் தெரு.
9-3-1953

தம்பிக்கு,

உன் அண்ணன் உயிரோடு இருக்கிறார். முதல் வரியில் இதை எழுதிவிட்டேன், இனி மெதுவாகப் படி. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் அவரோடு இருந்தேன். முந்தாநாள்தான் வீட்டுக்கு வந்தோம். உன் தந்திகள் இரண்டும் கதவிடுக்கில் கிடந்தன.

மீனாட்சியம்மாள் போய்ச் சேர்வதற்கு முன்னால் பஸ் வந்துவிட்டது. அவர் சரக்கு மூட்டையோடு கால்வாய்க்கரையில் வந்துகொண்டிருந்தார். "பிள்ளை எங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். எந்தப் பிள்ளை என்று கேட்டிருக்கிறார். அதுவே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. அப்புறம் ஒருத்தன், "எங்க, நடந்து காட்டு" என்றானாம். எதற்கென்று தெரியாமல் இவர் நடந்திருக்கிறார். "பாத்தியளா, அவனேதான்" என்றானாம். இருபது வருஷமாக அந்தக் கரையில் அவர் நடப்பதைப் பார்த்த ஆட்கள். அன்றைக்குத்தான் புதிதாகப் பார்த்தார்கள்.

கம்பைப் பிடுங்கி அதாலேயே அடித்தார்கள். கம்பு முறிந்தது. தோள்பட்டை எலும்பும் முறிந்தது. டியூப் சுற்றின நுனியைக் காட்டி, இது எதற்குடா கட்டினாய் என்று கேட்டுக் கேட்டு அடித்தார்களாம். "எம் பிள்ளை பயந்தது" என்று சொல்லியிருக்கிறார். நம்பவில்லை. மீனாட்சியம்மாள் போய் அவர் மேல் விழுந்து, "இவனுக்குத் தொப்புள்கொடி அறுத்தவ நான், எனக்குத் தெரியாததாடே உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு?" என்று கத்தின பிறகுதான் விட்டார்கள். அவள் முழங்காலிலும் அடி.

இசக்கி எங்கே இருந்தது தெரியுமா? சுடலையாண்டியின் சொந்த வீட்டில். கும்பப்பூ அறுப்பு அடுத்த வாரம், நெல் போட்டு வைக்கிற பத்தாயம் எல்லார் வீட்டிலும் காலியாகக் கிடக்கிறது. பிள்ளைகள் சங்கிலி விளையாட்டு விளையாடியிருக்கின்றன. வெளியே ஒரு பிள்ளை இரண்டு தட்டு தட்டியிருக்கிறது. இது பத்தாயத்துக்குள் இறங்கி, பலகையைப் பாதி இழுத்துவிட்டு, உமி வாடையில் அப்படியே தூங்கிவிட்டது. தேடுகிற சத்தம் கேட்டு விழித்த பிறகும் பயந்துபோய் வெளியே வரவில்லை. சங்கிலி தேடுகிறான் என்று நினைத்ததாம். பசி தாங்காமல்தான் கடைசியில் தானாக ஏறி வந்தது. ஊரெல்லாம் அரிசிப் பானையைத் தூக்கிப் பார்த்தவன், தன் பத்தாயத்தைத் திறந்து பார்க்கவில்லை.

சுடலையாண்டி வந்து காலில் விழுந்தான். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் மைனி, படத்துல பாத்ததே கண்ணுக்குள்ள நின்னுச்சு" என்றான். பூண் போட்ட புதுக் கம்பு ஒன்றும் கொண்டு வந்தான். நல்ல கம்புதான். மூலையில் சாத்தி வைத்திருக்கிறேன். உன் அண்ணன் அதைத் தொடவில்லை.

அவர் யாரையும் திட்டவில்லை. உன்னையும் திட்டவில்லை. திட்டினால் எனக்கு ஆறுதலாக இருக்கும். வெளியே யாராவது செருமினால்கூடக் காலை இழுத்துப் போர்வைக்குள் மறைத்துக்கொள்கிறார். முகத்தையோ தலையையோ இல்லை, அந்தக் காலை மட்டும். ஊர் அவரைக் கண்டு பயந்தது போய், இப்போது அவர் ஊரைக் கண்டு பயப்படுகிறார். நம் ஊரில் வாசலையும் நடை என்கிறோம். நீ ஒரு நடையைக் கொண்டு போனாய். அவர் இரண்டையும் விட்டுவிட்டு உள்ளறையில் கிடக்கிறார்.

செண்பகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேற்று அவருக்குக் கஞ்சி கொண்டுபோகச் சொன்னேன். போவாளோ மாட்டாளோ என்று பின்னாலேயே நின்று பார்த்தேன். அறை வாசல்வரை போனாள். உள்ளே அவர் காலை இழுப்பதைப் பார்த்திருப்பாள் போல. கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தாள். கதவுநிலையில் விரலை மடக்கி இரண்டு தட்டு தட்டினாள். "அப்பா, நான்தான்" என்றாள். தட்டிவிட்டு உள்ளே போகவில்லை. அங்கேயே நின்றாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை தம்பி. ரொம்ப நேரம் நின்றாள். அப்புறம் உள்ளே இருந்து "வாட்டி மக்கா" என்று சத்தம் வந்தது. நான் அடுக்களையில் போய் உட்கார்ந்து அழுதேன்.

என் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. பங்குனியில் அதே படம் மறுபடியும் வருகிறது என்று வண்டியில் கொட்டடித்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். காலில் விழுந்தவனும் போவான். சேலத்துப் பையன் நடிக்கிற படமும் ஒருநாள் வரும். இசக்கி கிடைத்துவிட்டது. அடுத்த தடவை ஒரு பிள்ளை கிடைக்காமல் போனால்?

அதனால் நீ வா. உன்னால் என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியாது. அவர் எழுந்து நடக்கிற அன்றைக்குக் கால்வாய்க்கரையில் அவர் பக்கத்தில் உன் சொந்த நடையில் நட. ஊர் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கட்டும். உன்னை யாராவது தோளில் தூக்க வந்தால், கீழே போட்டாலும் சரி என்று வாயைத் திற.

வீட்டுக்கு வந்ததும் தம்பிதானே என்று நேரே உள்ளே வந்துவிடாதே. அவர் பயந்துவிடுவார். நடையில் நின்று இரண்டு தட்டு தட்டு. கூப்பிட நேரமாகும். நில்.

அழகியநாயகி